தண்ணீருக்கு இரண்டு சுரம்

இன்று காலை பீரோவில் ஆதார் அட்டையைத் தேடினேன். கைக்கு வந்தது உங்கள் தலையின் ஸ்கேன் படம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வலப்பக்கம், பக்கவாதம் விட்டுப்போன ஒரு கறுத்த திட்டு. படத்தில் வலப்பக்கம் தெரிவது தலையில் இடப்பக்கம் என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப படத்தைத் திருப்பிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். படுத்திருந்த நீங்கள் சிரித்தீர்கள். நாங்கள் பேசுவது உங்களுக்குப் புரிகிறது என்று அந்தச் சிரிப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

புரிகிறவருக்குப் பேச ஏன் வரவில்லை? கேட்டுப் புரிந்துகொள்ள முக்கியமான இடம் காதுக்கு மேலே சற்றுப் பின்னால், சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்பும் இடம் நெற்றிப் பக்கம் என்று டாக்டர் தம் தலையைத் தொட்டுக் காட்டினார். உங்களுக்குப் பாதிப்பு முன்பக்கம். ஒரு தலைக்குள் இத்தனை அறைகள் இருப்பது எழுபது வயதுவரை எனக்குத் தெரியாது.

"தண்ணி" வரவில்லை. என் பெயரும் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேன், திருத்தினேன், மறுபடி சொல்லச் சொன்னேன். பத்தாம் நாள் டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன்பிறகு வாயைத் திறக்கவே இல்லை. இனி உங்கள் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று பயந்துபோனேன்.

அந்த ஞாயிறு டிவியில் மாதா கோவில் பூசை. பாட்டு தொடங்கியதும் நீங்களும் சேர்ந்து பாடினீர்கள். ஒரு சொல் விடவில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன்.

"எங்க, இப்ப தண்ணி சொல்லுங்க பாப்போம்!"

வாய் திறந்தது. சொல் இல்லை.

பேச்சுப் பயிற்சி தர தேவகோட்டையிலிருந்து வந்த பெண்ணுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பாட்டுன்னா மூளையோட வலது பக்கமும் கை கொடுக்கும்மா. வேணுங்கிறதைப் பாடிக் கேக்கப் பழக்குவோம். சாரோட இடது கையைத் தட்டிக்கிட்டே நீங்க பாடுங்க."

"நான் பாட மாட்டேன்" என்றேன்.

கான்வென்ட்டில் பாட்டு சிஸ்டர், "நீ உதட்டை மட்டும் அசை, போதும்" என்று சொன்ன நாளிலிருந்து நான் பாடியதில்லை. கோவிலில் உங்கள் ஆர்மோனியத்துக்கு எதிரே நாற்பது வருடம் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் மூன்று நாள் பாடிப் பார்த்தாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நான்காம் நாள் அவள் போனபின், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தினேன். உங்கள் இடது கையைப் பிடித்துத் தட்டி, "தண்ணி வேணும்" என்று பாடினேன்.

முகம் சுளித்தீர்கள். மறுபடி பாடினேன். பாடகர் குழுப் பிள்ளைகளை நிறுத்துவதுபோல் கையை உயர்த்தினீர்கள். பிறகு நீங்களே பாடிக் காட்டினீர்கள். "தண்ணி" மேலே, "வேணும்" கீழே, துல்லியமாக.

"அதுக்காக இப்படியா முகத்தைச் சுளிக்கிறீக? அவ்வளவு மோசமாவா இருக்கு?"

ஆமாம் என்று தலையாட்டினீர்கள். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அப்புறம் காப்பி வந்தது, கதவு வந்தது, கடைசியில் என் பெயரும் வந்தது. எல்லாம் நான் தப்பாகப் பாடி நீங்கள் திருத்தியவை. பிறர் தப்பைத் திருத்தும் ஆசை தலைக்குள் எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர, இடத்தைக் காட்டவில்லை. இன்று படத்திலும் தேடிப் பார்த்தேன்.

இப்போது கோவிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் பாடுகிறேன். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தப்பாகப் பாடினால்தானே நீங்கள் கையை உயர்த்துவீர்கள்.