களைத்துப்போகும் முன் உட்கார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் மாமாவும் நலம். இந்தச் சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு, போன வாரம் டிப்போவில் என்னிடம் ஓட்ட ஒரு பேருந்தைக் கொடுத்தார்கள். பயணிகள் இல்லாத வண்டிதான். மேலாளர் பின்னால் உட்கார்ந்துகொள்ள, டிப்போவுக்குள்ளேயே சுற்றி வந்தேன். இறங்கும்போது அவர், "கை எதையும் மறக்கலம்மா" என்றார். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னதும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் காய்ச்சல் வந்த வேகத்தில் போய்விட்டது. அது விட்டுவிட்டுப் போனதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்று உண்டு. வருஷக்கணக்காக ஓட்டிய வழித்தடத்தில், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஒருநாள் நேராகப் போய்விட்டேன். வண்டி நிறைய ஆள். பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். எந்தத் தெரு என்றே எனக்குப் புரியவில்லை. ஓரமாக நிறுத்தி, கண்டக்டரைக் கூப்பிட்டு, "இனிமே நான் ஓட்டக்கூடாது. வேற டிரைவரை வரச் சொல்லுங்க" என்றேன். சாவியை நானேதான் கொடுத்தேன்.

எந்தப் பரிசோதனையிலும் குறை தெரியவில்லை. அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கஷாயம், சூரணம், சத்து மாத்திரை என்று அலமாரியே கடையாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கினேன். அந்த நேரத்தில்தான் நீ எங்கெங்கோ விசாரித்து, காய்ச்சல் போயும் உடம்பு தேறாதவர்களைப் பார்க்கிற அந்த மருத்துவமனைப் பிரிவைக் கண்டுபிடித்துச் சொன்னாய்.

அந்த டாக்டரம்மா முதல் நாளே, சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மூலிகை மாத்திரை என் ரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போகாதாம். இன்னும் சிலவற்றையும் நிறுத்தச் சொன்னார். "இதுக்கு இதுதான் மருந்துன்னு ஒண்ணு இன்னும் இல்லம்மா. முழுசா குணமாக்கிடுறேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா ஒவ்வொரு தொந்தரவா சேர்ந்து பார்க்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் 'தெரியாது' என்று சொல்லி என் பக்கத்தில் நின்றதில்லை.

படபடப்புக்கு ஒரு மாத்திரை. மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண். தலைவலிக்கு அக்குபஞ்சர். ஊசி வேலை செய்ததா, அந்த அறையில் யாரும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்ததே போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் டாக்டரம்மா, "சிலருக்கு உதவுது, பார்ப்போம்" என்று சிரித்தார். படுத்தபடியே செய்கிற யோகாவும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு உன் மாமா, "இதை நான் மத்தியானம் தினமும் செய்றேனே" என்றார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், களைத்துப்போகும் முன்னே உட்காருவது. கொஞ்சம் தெம்பு வந்த ஒருநாள் வீட்டைத் துடைத்து, திரைச்சீலைகளைத் துவைத்து, பரணையும் ஒதுக்கினேன். மறுநாளிலிருந்து ஒரு வாரம் படுக்கைதான். டாக்டரம்மா திட்டவில்லை. "உடம்பு வேணாம்னு எங்க சொல்லிச்சு, அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து சமையலறையில் எனக்கென்று ஒரு உயரமான ஸ்டூல். தையல் மிஷின் படுக்கையறை வாசலுக்கு வந்துவிட்டது. நான் இருமினால் மிஷின் நிற்கும். எனக்குக் கோபம் வந்தாலும் நிற்கும், அது வேறு விஷயம்.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. சில நாள் பேச்சில் வார்த்தை தடுமாறுகிறது. இப்போதைக்கு டிப்போ ஆபீசில் அரை நாள் வேலை. ரோட்டில் எப்போது ஓட்டலாம் என்று டாக்டரம்மாவும் மேலாளரும் பார்த்துச் சொல்வார்கள். நல்ல நாட்கள் இப்போது அதிகம். அதற்கு யார் யாருக்கோ நன்றி சொல்கிறேன், முதலில் உனக்கு.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். அன்றைக்குப் போனில் பேசும்போது உனக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. "லிஃப்ட் ஓடலக்கா, படி ஏறினேன்" என்றாய். வீட்டிலிருந்துதானே பேசினாய்? உன் வீடு தரைத்தளம், தம்பி. எனக்குக் காய்ச்சல் வந்த சமயத்தில் உன் ஆபீசிலும் எல்லோருக்கும் காய்ச்சல் என்றாயே, உனக்கு வரவில்லையா? அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்வதற்கு முன் நீ என்னிடம் கேட்டாய்: காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா, சொல்ல வந்த வார்த்தை நடுவில் மறந்துபோகிறதா, மற்றவர்கள் நம்புகிறார்களா என்று. எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறாய் என்று நினைத்தேன். கடைசிக் கேள்வியைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

உன்னை நான் நம்புகிறேன். அங்கேயும் அப்படி ஒரு டாக்டர் இருப்பார். போய்ப் பார். தனியாகப் போக மனம் வரவில்லையென்றால் லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடு, நான் கூட வருகிறேன். மாமா இப்போதே ஒரு ஸ்டூல் போதாது என்கிறார்.

நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். பதிலை அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுது. 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் எழுதாதே.

என்றும் உன் நினைவாக,
அக்கா