பார்க்காமல் மூடிய வால்வு

விருத்தாசலம்
10.9.2008

அன்புள்ள மகள் வேல்விழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், சொல்லும்படி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் நான் அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. நீ ஓட்டிப் பழகுகிற விமானம் ஓடுதளத்தில் மோதி ஒன்பது நாள் ஆன பிறகு, அதுவும் உன் அம்மா அடுப்படியில் அழுததைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சூளைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பாய். நீ வைத்துவிட்டுப் போன ஜெராக்ஸ் புத்தகத்தை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தவன் நான். இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், நேராக வைக்க எதிர்க் காலை அழுத்த வேண்டும், சும்மா கிடக்கிற கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. அப்போதும் உடனே அணைத்துவிடக் கூடாது, அதன் லீவரை மெல்லப் பின்னால் இழுத்துப் பார்த்து, விமானத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால்தான் அணைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. வாத்தியார் லீவர்களைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, உன்னைச் சோதிக்க இடது எஞ்சினைக் குறைத்தபோது உன் இடது கால் சும்மாதான் இருந்திருக்கும். நீ காலையும் கேட்கவில்லை, லீவரையும் இழுத்துப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை அணைத்துவிட்டாய். சக்கரம் ஒடிந்ததோடும் வாத்தியாரின் தோள் எலும்பு முறிந்ததோடும் போனது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அம்மாவின் போனைப் பிடுங்கி நான் கேட்டதற்கு, "சத்தத்த வச்சே சொல்லிடலாம்னு நெனச்சேம்பா, நீ பர்னர் சத்தத்த வச்சே சொல்லுவியே அப்டி" என்றாய். அதற்குப் பிறகு அம்மாவிடம் நீ சொன்னது அதைவிட மோசம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த, உன்னோடு படிக்கிற துர்காதான் வலது வலது என்று கத்திக் குழப்பினாள் என்று பதினெட்டாம் தேதி விசாரணையில் எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். அவள் வாயே திறக்கவில்லை என்று நீயே அழுதுகொண்டு சொன்னாயாம். உன் அம்மா, "அந்தப் பொண்ணு வசதியான வூட்டுப் புள்ள, வேற எங்கியாவது போயி படிச்சிக்கும், நம்ம பொண்ணு எங்க போவும்" என்கிறாள். மூன்று நாளாக அவளிடம் நான் பேசவில்லை.

காதால் கண்டுபிடிப்பேன் என்று நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ மூன்றாவது படிக்கும்போது எண்ணெய்ச் சூளையில் இரண்டு பக்கமும் பர்னர் வைத்து பீங்கான் பியூஸ் கட்டை வேக வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் ஒரு பர்னரில் தீ அணைந்தது. அணைந்த பக்கத்து எண்ணெயை உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தேங்கி ஒரேயடியாகப் பற்றும். மூடுவதற்கு முன்னால் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாகத் தீயைப் பார்க்க வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், நான் பார்க்க மாட்டேன், அது எனக்குக் கௌரவம். சத்தத்தைக் கேட்டேன், வலது என்றது, அந்த வால்வை மூடினேன். எரிந்துகொண்டிருந்தது அதுதான். இடது பக்கம் தேங்கிய எண்ணெய் பற்றி வெடித்ததில் கதவுச் செங்கல் எல்லாம் வெளியே வந்து விழுந்தது. முதலாளி வந்து யார் மூடியது என்று கேட்டார். "சாமிக்கண்ணு மாத்தி மூடிட்டான்" என்றேன். என்னோடு வேலை பார்த்தவன், பக்கத்தில்தான் நின்றான். என்னை ஒரு தடவை பார்த்தான். மறுநாளிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. பெண்ணாடத்தில் கரும்பு ஏற்றப் போனான், முதுகு போனது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டிய சாமிக்கண்ணு மாமாதான்.

ஆடிக் கடைசியில் அவன் செத்துப்போனான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அம்மாவைத் தடுத்தேன். சாவு வீட்டில் எங்களோடு வேலை பார்த்த தர்மராஜ், "அன்னிக்கு மட்டும் கை மாறாம இருந்திருந்தா இவன் இன்னேரம் போர்மேனு" என்றான். அதற்கு சாமிக்கண்ணு பெண்சாதி வீராயி என்னைக் காட்டிச் சொன்னாள், "சாவுற வரைக்கும் நான் மூடலடின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அண்ணன் சொன்னா பொய்யா இருக்குமான்னு நாந்தான் அவர வாயடைச்சேன்." அப்படிச் சொல்லிவிட்டு எனக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னாள். நானும் உட்கார்ந்தேன்.

நான் யாரிடமும் தலை குனிந்தவன் இல்லை, இப்போதும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ அந்தப் பெண்ணின் பெயரை எழுதினால் அவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. உனக்கு என்ன ஆகும் என்பது எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். உண்மையை எழுதி அவர்கள் உன்னை வெளியே அனுப்பினால் வந்துவிடு. பேசுகிறவர்கள் பேசட்டும். வேப்பூர் அத்தை இப்போதே, "பிளேன் ஓட்டற பொண்ணு மாப்பிள்ளைய எறக்கிக்கிட்டு வருமா" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் போய் வீராயியிடம் சொல்லப் போகிறேன். போன வாரம் இரண்டு முறை பஸ் ஏறி பாதி வழியில் இறங்கித் திரும்பினேன், அதையும் எழுதிவிடுகிறேன். இந்த முறை இறங்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் வாத்தியாரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார். எந்த உயரத்தில் பறந்தாலும் நீ பத்திரமாக இறங்க வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உனக்கே. எழுதிக் கொடுத்த பிறகு போன் பண்ணினால் முதலில் என்னைக் கூப்பிடு. எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல், நானும் சொல்லிவிட்டேன் என்று சொல்கிறேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் வழக்கம் போல அம்மாவிடமே பேசிவிட்டு வைத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நடராசன்