இரண்டு புள்ளி வைத்த குமிழ்ச் சாவி

அன்புள்ள அண்ணா,

இந்த நேரத்தில் உன்னை எழுப்புவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்தான். பக்கத்தில் இவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கட்டின புருஷனை இப்படி வேவு பார்க்கிறவளாக ஆகிவிட்டேன்.

நீ போய் ஆறு மாதம். உன் லேத்தில் இப்போது இவர்தான் நிற்கிறார். மோட்டார் சைக்கிள் பக்கப்பெட்டிக்குக் குமிழ்ச் சாவி வேண்டுமென்றால் ஓசூரில் இன்னும் நம் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். மழையில் நனைந்த விரலுக்கும் வழுக்காதபடி, ஆளின் கையைப் பார்த்துச் சாவித் தலைக்கு நீ கடைந்து கொடுத்த பித்தளைக் குமிழ்களை இவரும் அப்படியேதான் கடைகிறார். ஒன்றில் மட்டும் வித்தியாசம். குமிழின் அடியில் ஆணிமுனையால் நீ அடிக்கும் புள்ளி இடக்கைப் பழக்கத்தால் சாய்ந்திருக்கும். இவருடையது நேராக இறங்கும்.

உன் கணக்கு உனக்கு மறந்திருக்காது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்றால் ஒரு புள்ளி. இன்னொன்று செய்தால் புதியதில் இரண்டு புள்ளி. பழையதையும் வாங்கி அதிலும் ஒன்று கூட அடிப்பாய். தன் பெட்டிக்கு எத்தனை சாவி உண்டென்று உடையவனுக்குத் தெரிய வேண்டும் என்பாய். அந்தப் புள்ளிதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

மருந்து விற்கும் ஜேம்ஸ் அண்ணனை நினைவிருக்கிறதா? போன வாரம் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் அவர் வண்டியை நிறுத்தினார்கள். பக்கப்பெட்டியில் மாத்திரைகளுக்கு அடியில் நான்கு பிராந்தி பாட்டில்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் பிராந்திக் கடை திறந்தே கிடக்கிறது. அதை நம் பக்கம் கொண்டுவந்தால் குற்றம். தனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ கள்ளச் சாவி போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள் என்கிறார். மறுநாளே பட்டறைக்கு வந்து தன் சாவியை மேஜைமேல் எறிந்தார்.

"ஸ்டீபா, இதுக்கு ஜோடி போட்டு எவனுக்குய்யா குடுத்த?"

"ஒண்டிச் சாவி செய்யவே மூச்சு வாங்குது. இதுல ஜோடி வேறயா? எங்கிட்ட வந்து குதிக்காத," என்றார் இவர்.

"உம் மச்சான் இருக்கறப்ப ஒருக்கா, போன மாசம் ஒருக்கா, குமிழு ஆடுதுன்னு இங்கதானே வுட்டுட்டுப் போனேன்? நான் கோர்ட்டுல சொல்லத்தான் போறேன்."

எறிந்த சாவி உருண்டு கவிழ்ந்து கிடந்தது. நான் பார்த்தேன் அண்ணா. அடியில் இரண்டு புள்ளி. முதல் புள்ளி சாய்ந்திருந்தது, அது உன் கை. இரண்டாவதைக் குனிந்து பார்ப்பதற்குள் இவர் எடுத்து உப்புத்தாளில் தேய்த்துவிட்டார். இரண்டுமே போய்விட்டன.

ஜேம்ஸ் அண்ணன் போனபிறகு கேட்டேன். "ஏங்க அதைத் தேச்சீங்க?"

"கறுத்துக் கெடந்துச்சு. தேய்க்காம குடுத்தா மச்சான் வுடுவாரா?"

"அண்ணன் செத்து ஆறு மாசமாச்சுங்க."

"பழக்கமும் கூடவே செத்துருமா மேரி?"

எவ்வளவு அழகான பதில்! அதனால்தான் நம்ப முடியவில்லை. பித்தளைக் கம்பி வாங்கப் போகிறேன் என்று இரண்டு சனிக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போனவர், ஏன் வெறுங்கையோடு திரும்பினார்? கடை பூட்டியிருந்ததாம். இரண்டு சனிக்கிழமையுமா?

உன்னையும் நான் விடவில்லை. இரண்டாவது சாவியைச் செய்தவன் நீ என்றால், உடையவர் கேட்காமல் செய்திருக்க மாட்டாய். அப்போது பொய் சொல்வது ஜேம்ஸ் அண்ணன். ஆனால் அதை ஏன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை? செய்தது இவர் என்றால், நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன்? பி.ஏ. வரை படித்து என்ன? ஒரு கடுகளவு புள்ளியை வைத்துக்கொண்டு செத்தவனையும் இருப்பவனையும் மாற்றி மாற்றிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜேம்ஸ் அண்ணன் இவர் பெயரைச் சொல்லிவிட்டதால், அடுத்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு இவர் போக வேண்டும். உள்ளே தள்ளிவிட்டால் நானும் பிள்ளையும் எங்கே நிற்பது?

ஒரே வழிதான் தோன்றுகிறது. அந்த இரண்டாவது சாவி எங்கேயோ யார் கையிலோ இருக்கிறது. அதில் இரண்டு புள்ளியும் ஒரே கை அடித்ததாகத்தான் இருக்கும். ஆகவே இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் மாத இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். விடிந்ததும் முதலில் இவரிடம் படிக்கக் கொடுப்பேன். வேண்டாம் என்று தடுத்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா. புள்ளி சாய்ந்திருந்தாலும் சரி, நேராக இருந்தாலும் சரி, அந்தச் சாவியை நானே கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். எவர் கை என்பதையும் மறைக்காமல் சொல்வேன். எந்தப் புள்ளியையும் நான் தேய்க்க மாட்டேன்.

அந்தச் சாவியை வைத்திருப்பவர் இதைப் படித்தால், குமிழைக் கவிழ்த்துப் பாருங்கள். உங்கள் பெயர் வேண்டாம். சாவியை அனுப்ப மனமில்லாவிட்டால், புள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டுமாவது, சீக்கிரம் ஒரு வரி எழுதுங்கள்.

சாவி செய்தவனின் தங்கை,
சாவி செய்கிறவரின் மனைவி,
மேரி