யார் கேட்டாலும் ஓம் என்றவன்

என் பிரியமான வசந்தி,

நீ கண்மூடி ஏழு மாதமாகிறது. நம் யாழினிக்குப் பத்து வயது தொடங்கிவிட்டது. உன் தையல் மெஷினுக்கு மேல் அவளுடைய புத்தகங்கள் ஏறிவிட்டன. நான் வைக்கும் சொதியை அவள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

துறைமுகத்தில் இழுவைப்படகு வேலை அப்படியேதான். காலை, பின்னேரம், இரவு என்று டியூட்டி மாறி மாறி வரும். கூட வேலை செய்யும் நஸீர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டுமென்றால் அவனுக்குப் பதிலாக நான் நின்றேன். வெசாக்குக்குச் சிங்களப் பொடியன்கள் ஊருக்குப் போக நான் நின்றேன். நத்தாருக்குக் கிறிஸ்தவப் பொடியன்கள் போகவும் நான்தான். தங்கமான மனிதன் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மயக்கம் இருந்தது, இல்லையா? "ஊருக்கெல்லாம் நல்லா வளைஞ்சு குடுப்பியள்," என்று சிரிப்பாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாய்.

ஒரே ஒரு தடவை கேட்டாய், கிளினிக்குக் கூட வரச்சொல்லி. நஸீரின் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அது. "ஏலாதப்பா, நஸீருக்குச் சொல்லிப்போட்டன்," என்றேன். நீ தனியாக பஸ்ஸில் போனாய். உன் இதயத்தைப் பற்றி டொக்டர் சொன்னதையும் தனியாகவே கேட்டாய். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாய். அந்த மூன்று நாளும் எப்படி இருந்தாய்? நான் வந்திருந்தாலும் நோய் மாறியிருக்காது, தெரியும். ஆனால் பக்கத்துக் கதிரையிலாவது இருந்திருப்பேனே.

போன மாதம் உன் தங்கச்சி சாந்தி கிளிவெட்டியிலிருந்து வந்தாள். "அத்தான், பிள்ளை என்னோட வந்து இருக்கட்டும். உங்கட டியூட்டியோட அவளை வளர்க்க ஏலாது," என்றாள். நியாயமான கதைதானே? எனக்கு இரவு வேலை வரும் நாள்களில் பிள்ளை பக்கத்து வீட்டில்தான் படுக்கிறாள். ஓம் என்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

நஸீரிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "மச்சான், எங்கட வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீ நிண்டாய். ஒருநாளாவது உனக்கெண்டு எங்களிட்டக் கேட்டியா? கேட்டா மாட்டம் எண்டா சொல்லுவம்?"

உண்மைதான், கேட்டதே இல்லை. கேட்பது வெட்கம் என்று நினைத்திருந்தேன். கொடுப்பவனுக்கு இருக்கிற திமிர்தான் அது, வேறென்ன? அன்றைக்கே நஸீரும் மற்றவர்களும் என்னைக் கூட்டிக்கொண்டு மேலதிகாரியிடம் போனார்கள். என் இரவு வேலைகளைத் தாங்கள் பங்குபோட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் எனக்கு டியூட்டி. மூன்று மாதம் பார்ப்போம் என்றார் அதிகாரி. ஓவர்டைம் கிடையாது. சமாளிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக சாந்தி ஓட்டோவில் வந்துவிட்டாள். பிள்ளையின் பையும் கட்டியாகிவிட்டது; அதுவரை சாந்தியிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிள்ளை இஞ்சயே இருக்கட்டும்," என்றேன்.

"மூண்டு மாசம் முடிய என்ன செய்வியள்?"

"திரும்பவும் கேப்பன்."

அவள் நம்பவில்லை. பிள்ளையைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்லுறாய்?" என்றாள்.

யாழினி தன் கோணல் பின்னலைத் தொட்டுக் காட்டினாள். "அப்பாவுக்கு இன்னும் தலை இழுக்கத் தெரியாது சித்தி. நானும் வந்திட்டா அவர் ஆரில பழகுறது?"

சாந்தி சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். நானும்தான். போகும்போது பின்னலை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டுத்தான் போனாள்.

நேற்று ஒருவர் சனிக்கிழமை தனக்காக நிற்க முடியுமா என்று கேட்டார். ஓம் என்பது வாய் வரை வந்துவிட்டது. "பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்," என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் கேட்டேன். யாழினி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏலாது," என்றாள்.

அதையே போய்ச் சொன்னேன்.

இனி ஒரு நாளையும் அவளைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன், வசந்தி. இது சத்தியம். உன்னுடைய நாள்களையெல்லாம் உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
யாழினியின் அப்பா