உன் பேனர் நிழலில் ஒரு ஹைட்ராஞ்சியா

பெருந்துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மொட்டைமாடி ஹைட்ராஞ்சியாப் பூச்செடியின் கடைசிப் பழைய இலை, ஓரம் கருகி, உடல் சுருண்டு, இன்று காலை தொட்டியிலேயே காலமானது. இறுதி ஊர்வலம் குப்பைக்கூடை வரை நடைபெற்றது. பேனர் அடிக்கவில்லை. உனக்கு அடித்ததே இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

முறைக்காதே அக்கா. அந்த இலையைக் கையில் நொறுக்கினேன்; அப்பளச் சத்தம் கேட்டது. உடனே நீ வந்துவிட்டாய். என் தட்டிலிருக்கும் அப்பளத்தைக் கண்ணெதிரே நொறுக்கிவிட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவள் வேறு யார்?

கல்லூரித் தோழி வீட்டுக்கு வெள்ளிமலை போன நீ, ஈரத்துணியில் சுற்றிய இந்தச் செடியின் குச்சியோடு இறங்கி வந்தாய். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸே வாந்தியெடுத்தபோது குச்சியை எப்படிக் காப்பாற்றினாய் என்பதை ஊருக்கெல்லாம் சொன்னாய். மலைச்செடி கள்ளக்குறிச்சி வெயிலுக்குத் தாங்காது என்றார் அப்பா.

"நானே இங்க தாங்கிகினு இருக்கறேன். அது தாங்காதா?"

அது தாங்கியது. நீதான் ஒரே காய்ச்சலில் பேச்சு மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

தொட்டிப் பக்கம் என்னை நீ விட்டதேயில்லை. "நீ தண்ணி ஊத்துனா பிளாஸ்டிக் பூவே வாடிரும்டா" என்பாய். நீ போன பிறகு அம்மா விடிந்ததும் மாடிக்குப் போவாள். புதிதாக ஓர் இலை பழுப்பாகியிருந்தால் அன்று அம்மா சாப்பிட மாட்டாள். இலை குறையக் குறைய அம்மாவும் குறைந்தாள். செடி செத்தால் இந்த வீட்டில் இன்னொரு பேனர் என்று எனக்குப் புரிந்தது. ஆகவே நானே டாக்டரானேன். பட்ட இலைகளைப் பறித்தே பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

முதலில் அப்பாவின் வைத்தியத்தை முறிக்க வேண்டியிருந்தது. கரும்புக்குப் போடும் நினைப்பில் தொட்டிக்கு ஒரு கை யூரியா போட்டிருந்தார். இலை நுனிகள் தீய்ந்தன. அடி ஓட்டை வழியாக வழிந்தோடும் வரை தண்ணீர் விட்டுக் கழுவினேன். இலையில் புள்ளிகள் இல்லை, அதனால் பூஞ்சை இல்லை. மண்ணைக் கிளறி மோந்து பார்த்தேன். அழுகல் நாற்றம் இல்லை, அதனால் வேர் நலம். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. போர் தண்ணீரை நிறுத்தி, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினேன். அப்படியும் கருகியது. கருகியதெல்லாம் மேற்குப் பக்கத்து இலைகள், அதுவும் ஓரம் மட்டும். குற்றவாளி யார்? பிற்பகல் வெயில்.

நிழலுக்குத் துணி தேடினேன். பரணில் உன் கண்ணீர் அஞ்சலி பேனர். அதை மாடியின் மேற்கே, துணி காயப்போடும் கம்பியில் இழுத்துக் கட்டினேன். தெருவைப் பார்த்தபடி நீ, எண்ணெய் வழியும் அந்த பஸ் பாஸ் போட்டோவில், ஆளுயரத்துக்கு.

துணி எடுக்க வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"மூஞ்சில வெயிலு அடிக்குதேடா. திருப்பிக் கட்டு."

திருப்பிக் கட்டினேன். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. புதிதாக வருவது கருகாமல் வந்தால் செடி பிழைத்தது என்று அர்த்தம். வந்துகொண்டிருக்கிறது அக்கா, கிளைக்குக் கிளை. அம்மா இன்று மூன்று தோசை சாப்பிட்டாள். என் கைராசி எப்படி?

சரி, சிரிக்காதே. ஒரு சின்னத் திருத்தம். வெயில்தான் காரணம் என்று நான் கண்டுபிடித்தது, பேனர் கட்டிப் புது இலை வந்த பிறகு. நான் கட்டியது செடிக்காகவே இல்லை. அந்த போட்டோவை யாருக்காவது காட்டினால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தாய் அல்லவா? சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவளின் மானத்தைத் தெருவில் வாங்க வேண்டும் என்றுதான் கட்டினேன். திட்ட எழுந்து வருவாய் என்றுகூட ஒரு நினைப்பு. நிழல் அதுவாகப் போய்ச் செடிமேல் விழுந்தது.

இப்போது உன் முகம் தொட்டியைப் பார்த்து இருக்கிறது. தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், குனிந்த தலை நிமிராமல். இலை நனையாமல் வேரில் ஊற்ற வேண்டும், அதற்காகத்தான் குனிகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.