திரை ஆணியும் கார்க் கண்ணாடியும்

மட்டாஞ்சேரி
14-7-1963

அன்பு மகன் சிகாபுதீனுக்கு உம்மா மரியம் துஆவுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம், பினாங்கில் உன் உடம்பும் உன் மின்சாரக் கம்பெனி வேலையும் நல்லபடி இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே விடாத மழை, முற்றத்தில் துணி காய்ந்து பத்து நாளாகிறது. உன் தங்கை நசீபாவின் சேதியைக் கீழே எழுதியிருக்கிறேன், இடையில் பயந்துவிடாதே, முழுதும் படி.

வெலிங்டன் தீவில் இருந்த கப்பல் கம்பெனித் துரை சீமைக்குத் திரும்பும்போது அவருடைய பழைய அமெரிக்கக் காரை வாப்பா வாங்கியது உனக்குத் தெரியும், ஆனால் அதில் கண்ணாடி கரண்டில் ஏறி இறங்கும் என்பதை எழுதினாரோ என்னவோ. சுற்றுகிற கைப்பிடியே கிடையாது. கதவில் ஒரு சுவிட்சு, மேலே தள்ளினால் ஏறும், கீழே தள்ளினால் இறங்கும், உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். வந்த அன்றே நான் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்தேன், பேட்டரி தீர்ந்துபோகும் என்று வாப்பா சத்தம் போட்டார். மறுநாளே நம் வீட்டு வழக்கப்படி பெண்கள் வெளியே தெரியாதபடி பின்சீட்டு ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை. மறுபக்கத்துக்கு மேலே மட்டும் ஆணி, நான் உட்காரும் பக்கம் காற்றில் தூக்கக் கூடாதென்று கீழேயும் மூலைக்கு மூலை ஆணி, எல்லாம் வாப்பா தன் கையாலேயே அடித்தார். மிளகு வியாபாரத்தில் காட்டாத கவனம்.

மழை தொடங்கிய வாரம் நான் காற்றுக்காக இறக்கிய கண்ணாடி திரும்பி ஏறவில்லை. கூடவே மற்ற மூன்றும் நின்றன. ஃபியூஸ் போய்விட்டதாம், கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி, அவ்வளவுதான் சமாச்சாரம். புதிதாகப் போட்டால் மூன்றும் ஓடுகின்றன, என் பக்கத்துச் சுவிட்சைத் தொட்டதும் மறுபடி போகிறது. தோப்பும்படி ஒர்க்‌ஷாப் மொய்து வந்து தட்டிப் பார்த்துவிட்டு, மோட்டார் கேடு வந்துபோச்சு, பம்பாயிலேர்ந்து சாமான் வரணும், ரெண்டு மாசம் ஆவும் என்று சொல்லிவிட்டான்.

ரெண்டு மாதம் எங்கே காத்திருப்பது, நசீபாவுக்குத் தலைப்பிரசவம் அல்லவா. ஏழாம் மாதத்துக்குள் பாலக்காட்டிலிருந்து அழைத்து வந்துவிட வேண்டும், எட்டில் அனுப்ப மாட்டோம், வெள்ளிக்கிழமை தாண்டினால் பிரசவம் இங்கேதான் என்று அவள் மாமியார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ரயிலில் போகலாமே என்றேன். காரோடு வருகிறேன் என்று வாப்பா சம்பந்தியிடம் சொல்லிவிட்டாராம், இனி ரயிலில் போய் இறங்குவதா என்கிறார். மழைக்குத் திறந்த ஜன்னலில் ஒரு கோணிச் சாக்கைச் செருகிப் பார்த்தார். அது உணக்கச் செம்மீன் வந்த சாக்கு, ஒரே கருவாட்டு நாற்றம். மசக்கை விட்ட பெண்ணுக்கு மறுபடி தொடங்கிவிடும் என்றேன், முறைத்தார். பிள்ளை என் கைக்கு வராமல் போய்விடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

புதன்கிழமை மொய்து மறுபடி வந்தபோது அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், மூன்று கதவிலும் இல்லாதது இந்தக் கதவில் மட்டும் என்ன இருக்கிறது, உள்ளே திறந்து பார்த்தாயா என்று. அவன் தலையைச் சொறிந்தான். எங்ஙனெ உம்மா தொறக்குறது, பொம்பளைங்க திரையை ஆணி அடிச்சு வச்சிருக்கு, அதுமேல நான் கை வைக்கலாமா என்றான். மரியாதை பார்த்து மோட்டாரைக் குற்றம் சொல்லியிருக்கிறான் பாவி. தலையில் துணியை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அவன் குறடை வாங்கி ஒவ்வோர் ஆணியாக நானே பிடுங்கினேன். சுவிட்சுக்குக் கீழே இருந்த ஆணியின் முனை மட்டும் விளக்குத் திரி போலக் கருகியிருந்தது. கதவின் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் அதே இடத்தில் கம்பியின் ரப்பர் கிழிந்து கிடக்கிறது. கதவைச் சாத்தச் சாத்த ஆணி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கம்பியைக் குத்தியிருக்கிறது. மொய்து அதில் டேப் சுற்றி, ஃபியூஸ் போட்டு, உம்மா நீங்களே அமுக்குங்க என்றான். உர்ரென்று ஏறியது பார், நான் கை தட்டிவிட்டேன், வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே நினைவில்லை.

திரையைத் திரும்ப அடிக்க வாப்பா உடனே சுத்தியலை எடுத்து வந்தார். மொய்து கம்பி போகிற வழியை விரலால் காட்டினான், எங்கே அடித்தாலும் ஆபத்துதானாம். கீழே அடிக்காமல் விட்டால் திரை பறந்து என் முகத்தில்தான் சுற்றும். ஆணியும் கையுமாக வெகு நேரம் நின்றுவிட்டு, சரி, நாளைக்கு ஒரு நாள் திரையில்லாமல் இப்படியே போகட்டும் என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். தோப்பும்படிப் பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், எனக்கு அது சக்கரச் சத்தம் மட்டும்தான். இப்போதுதான் கண்ணால் பார்த்தேன், கீழே தண்ணீர், பக்கத்தில் ஒரு கப்பல், அதில் ஒருவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். இடப்பள்ளி தாண்டும்வரை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டே வந்தேன். உடம்பு சரியில்லையா என்று வாப்பா கேட்டார். நசீபாவைச் சந்தோஷமாகவே அனுப்பினார்கள், பயணத்தில் ஒரு வாந்தி கூட இல்லை, இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் திரையைத் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன், வாப்பா இதுவரை கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

வரும்போது நசீபா ஒன்று கேட்டாள். மோட்டார் ஒன்று, சுவிட்சும் ஒன்று, அது எப்படி ஏறவும் இறங்கவும் இரண்டு பக்கமும் சுற்றுகிறது? வந்தபின் மொய்துவிடம் கேட்டால் சிரித்து மழுப்புகிறான். சிகாபுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார் வாப்பா, வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். நீ போனதிலிருந்து கடிதமெல்லாம் அவருக்குத்தான், அடியில் உம்மாவுக்கு சலாம் என்று ஒரு வரி. எனக்கு அது போதவில்லை மகனே. இந்தப் பதிலை என் பெயருக்கு எழுது, படம் போட்டு எழுது, புரிகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன்.

மழையில் நனையாதே, தொழுகையை விடாதே. உன்னை எல்லாப் பலாய்களிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக, ஆமீன். உறையின் மேல் மரியம் என்று எழுத மறக்காதே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
உம்மா மரியம்