கட்டபெட்டு வீடும் என் வாயும்

12.3.2000, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு ஆபீஸில் கொடுத்த டைரி இது. அவருக்கு எழுத நேரமில்லை என்று எனக்குத் தந்துவிட்டார். இரண்டு மாதப் பக்கம் வெறுமனே போய்விட்டது. எண்ணெய்ச் செலவும் பால் செலவும் எழுத ஒரு டைரியா? இன்றைக்குத்தான் எழுத விஷயம் இருக்கிறது. நாங்கள் வீடு வாங்கப் போகிறோம்!

நாங்கள் என்றால் என் மகள் அனுராதாவும் மாப்பிள்ளை விஜயபாஸ்கரும்தான். நான் அவர்களோடு இருக்கிறவள். ஆனாலும் நாங்கள் என்றுதான் எழுதுவேன். என் டைரி.

குன்னூரில் இந்த வாடகை வீட்டில் இரண்டே ரூம், ஐந்து பேர். வீட்டுக்காரர் மகன் பம்பாயிலிருந்து குடும்பத்தோடு வருகிறானாம். வைகாசி முடிவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். போனால் போகட்டும். இந்த வீட்டில் கக்கூஸ் இருபத்தெட்டுப் படி கீழே, மூன்று குடும்பத்துக்கும் ஒன்றே ஒன்று. பேரன் கீர்த்திவாசனுக்கு நாலு வயது. அவனுக்கு அவசரம் என்றால் நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன். பத்தாவது படியிலேயே என் சேலை நனைந்துவிடும்.

புது வீடு கோத்தகிரி போகிற வழியில், கட்டபெட்டில். பேத்தி பிரீத்தியின் மூன்றாம் வகுப்பு டீச்சர் மனிஷா சொன்னாள். இந்த மலையிலேயே பிறந்த படகர் வீட்டுப் பெண், தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருகிறாள். விற்கிறது அவளுடைய அப்பா நஞ்சப்பன்தான். பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு வந்துவிட்டதாம். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லையாம். தேயிலையை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் கொடுத்துவிட்டு, கீழே அவர்கள் ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறார்கள்.

மாப்பிள்ளைக்குக் கோத்தகிரி மின்வாரிய ஆபீஸ் பக்கம். பிரீத்தி டீச்சரோடு ஒரே பஸ்ஸில் போய் வரலாம். எல்லாம் கூடி வருகிறது.

19.3.2000, ஞாயிறு

பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டோம்!

ரோட்டிலிருந்து ஏழே படி. நீல நிறக் கதவு. முன்னால் நாலு பேர் உட்காரும் அகலத்தில் கண்ணாடி வராந்தா, காலை வெயில் முழுவதும் அதற்குள் வந்து விழுகிறது. பெரிய ரூம் இரண்டு, சமையலறை, அதை ஒட்டி ஒரு சின்ன ரூம். பின்பக்கம் இறங்கினால் தேயிலை, தேயிலை, கண்ணுக்கு எட்டுகிற வரை தேயிலை. குளிக்கிற இடம் மட்டும் இல்லை. பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது, அதுதான் எல்லாவற்றுக்கும்.

வராந்தாவைப் பார்த்து மாப்பிள்ளை, “அத்தை, இத தடுத்து உங்களுக்கு ஒரு ரூம் போட்டர்லாமுங்க” என்றார். அறுபத்திரண்டு வயதில் எனக்கு என்று ஒரு ரூம். பிறந்த வீட்டிலும் இல்லை, வாழ்ந்த வீட்டிலும் இல்லை.

நஞ்சப்பன் அதிகம் பேசாத மனுஷன். அவர் மனைவி பாப்பம்மாள் உருளைக்கிழங்கு அவித்து உப்பும் மிளகும் போட்டுக் கொடுத்தாள். கீர்த்தி ஆறு தின்றான். பாப்பம்மாள் அவன் வயிற்றைத் தட்டி, “இவனுக்கு ஒரு தோட்டமே வேணும்” என்றாள். நல்ல மாதிரி.

விலை படிந்துவிட்டது. லோனும் இந்த வீட்டுக்குத்தான் சாங்ஷன் ஆகும்போல இருக்கிறது. இதைவிட்டால் மாப்பிள்ளை சம்பளத்துக்கு வேறு வீடு கிடைக்காது.

20.3.2000

தூங்கவில்லை. பிரீத்தியும் தூங்கவில்லை. “அம்மிச்சி, ஜன்னல் பக்கம் எனக்கா தம்பிக்கா?” என்று நாலு தரம் கேட்டாள். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல் இருக்குது கண்ணு என்றேன். இருக்கிறதா? சரியாக எண்ணவில்லை.

26.3.2000, ஞாயிறு

இன்று அளவெடுக்கப் போனோம். டேப்பின் ஒரு முனை பிரீத்தி கையில், மறுமுனை மாப்பிள்ளை கையில். அனு நோட்டில் எழுதினாள். பீரோ எங்கே, கட்டில் எங்கே, ஃப்ரிட்ஜ் வாங்கினால் எங்கே. நானும் சும்மா இருக்கவில்லை. வீடு முழுக்கச் சுற்றி வந்தேன்.

அந்தச் சின்ன ரூமை இன்றுதான் உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். கதவு குட்டை, குனிந்துதான் போக வேண்டும். ஜன்னல் இல்லை. ஒன்றுமே வைக்காமல் சும்மாவே போட்டு வைத்திருக்கிறார்கள். தரை மட்டும் சாணி மெழுகிச் சுத்தமாக இருந்தது. என் மனதில் பளிச்சென்று பட்டது. சமையலறைத் தண்ணீர்க் குழாய் பக்கத்துச் சுவர்தானே!

“ஏ அனு, இங்க வாடி! இந்த இருட்டு ரூமு கக்கூசுக்குன்னே அளவெடுத்துக் கட்டுனாப்பல இருக்குது பாரு. இடிச்சு ஓடு பதிச்சா ஆச்சு. இனி மழைல ஒருத்தரும் வெளிய போவேண்டாம்!” என்று சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளையும் வந்து பார்த்து, “நல்ல ஐடியாங்க அத்தை” என்றார். கீர்த்தி செருப்புக் காலோடு உள்ளே ஓடி, “கக்கூஸ்! கக்கூஸ்!” என்று குதித்தான். எல்லோரும் சிரித்தோம்.

பாப்பம்மாள் காபி கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டு உட்காராமல் வெளியே போய்விட்டாள். தோட்டத்தில் வேலை இருக்கும் போல.

என் ஐடியா! ஐந்தாவது படித்தவள் ஐடியா!

28.3.2000, செவ்வாய்

நஞ்சப்பன் மாப்பிள்ளை ஆபீஸுக்கு போன் செய்தாராம். வீட்டை விற்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு, “வீட்டுல வேண்டாங்கிறா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

மாப்பிள்ளை சாப்பிடாமல் நியூஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் சத்தமே வைக்கவில்லை.

29.3.2000

வேறு யாராவது கூடுதல் விலைக்குக் கேட்டிருப்பார்களோ? தேயிலை விலை ஏறிவிட்டதா என்ன? கடைக்காரரிடம் கேட்டேன். “ஏறுச்சா? நீங்க வேற! இன்னும் எறங்காம இருந்தாச் சரி” என்றார். அப்புறம் ஏன்?

1.4.2000, சனி

தெரிந்துவிட்டது. ஏன் தெரிந்தது என்று இருக்கிறது.

மனிஷா டீச்சர் பள்ளிக்கூட வாசலில் அனுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். அந்த ரூம் சும்மா கிடக்கிற ரூம் இல்லையாம். பால் கறந்து கொண்டுபோய் வைக்கிற அறையாம். அவர்கள் பாஷையில் ஏதோ பேர் சொன்னாளாம், எனக்கு எழுத வரவில்லை. பழைய முறைப்படி கட்டிய வீட்டில் அதுதான் சாமி அறை மாதிரி. செருப்போடு யாரும் போக மாட்டார்களாம், கண்டவர்கள் போகவே கூடாதாம். மாடு ஒன்றாகக் குறைந்த பிறகும், பாலே இல்லாத நாளிலும் பாப்பம்மாள் தினமும் மெழுகிக் கூட்டி விளக்கு வைக்கிறாளாம். வீட்டைக் கொடுக்கத் துணிந்தவள்தான், ஆனால் அந்த இடத்தில் போய்...

அய்யோ. நா என்ன சொன்னேன்! அந்தப் பொம்பள காதுல உளுகற மாதிரி என்ன வார்த்த சொன்னேன்!

எங்க ஊரில் என் மாமியார் விளக்கு மாடத்தைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன பண்ணியிருப்பேன்? துடைப்பத்தை எடுத்திருப்பேன். பாப்பம்மாள் காபித் தட்டை மெதுவாகத்தான் வைத்தாள்.

அனு கோபத்தில், “உனக்கு இனி ஊடு பாக்கப் போறப்ப வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரணும்மா” என்றாள். மாப்பிள்ளை மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டினால் நன்றாக இருக்கும். மருமகன் வீட்டில் சோறு தின்கிறவள், அவர் வாங்குகிற வீட்டைக் கெடுத்து வைத்தேன். பிரீத்தி வந்து, “அம்மிச்சி, அப்ப ஜன்னல் இல்லையா?” என்கிறாள்.

4.4.2000, செவ்வாய்

இன்று போய் வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஆபீஸ் போனதும், அனுவிடம், “கோத்தகிரி பஸ் ஏறறேன்” என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கீர்த்தியைக் கூட்டிக்கொண்டேன்.

பழம் வாங்கலாமா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தேன். பழத்தட்டோடு போனால் மறுபடி விலை பேச வந்தது மாதிரி இருக்கும். வெறுங்கையோடே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. பாப்பம்மாள் கீழே தோட்டத்தில். கூலிக்கு ஆள் விடக் கட்டாமல் அவளே பறிக்கிறாள், முதுகில் கூடை. மேலேயிருந்து கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கீர்த்தியைப் பாறை மேல் உட்கார வைத்துவிட்டு நானும் அந்த வரிசைக்குள் இறங்கினேன். செடி இடுப்பைக் கீறுகிறது, கால் வழுக்குகிறது. எதிர்ப்பக்கம் நின்று நானும் பறிக்க ஆரம்பித்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பறித்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை.

“முத்தல் இலையக் கிள்ளாதீங்க. ஃபேக்டரியில கழிச்சுருவாங்க.”

“எனக்கு எது முத்தல், எது கொழுந்துன்னு தெரியாதுங்க” என்றேன். “தெரியாமத்தானுங்க அன்னைக்கும் அப்பிடிச் சொன்னேன்.”

அவள் கை நின்றது.

“நீங்க ஒருத்தர் சொன்னதுக்காக இல்லம்மா” என்றாள். “வீட்டைக் குடுக்கறதே மனசுக்கு ஆகல. குடுத்தாலும் தினம் இந்த வழியாத்தான் நான் இலை பறிக்க வரணும். அந்தச் சுவத்துக்குப் பின்னால கக்கூஸ் இருக்குன்னு நினைச்சுட்டே எப்படிப் பறிப்பேன்?”

வாங்குகிறவர்கள் வீட்டுக்குள் இருப்போம். விற்கிறவள் அல்லவா தினமும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்? அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

“நாங்க வாங்கறமோ இல்லியோ, அது உங்க இஷ்டமுங்க. வாங்குனா அந்த ரூம இடிக்க மாட்டோம். செருப்புப் போட்டுட்டுப் போவ மாட்டோம். உங்களாட்ட எனக்குச் செய்யத் தெரியாது, கூட்டி வெளக்கு வெக்கத் தெரியுமுங்க” என்று கையை நீட்டினேன். எங்கள் பக்கம் கையடித்துக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அவளுக்கு அந்த வழக்கம் புரிந்ததோ என்னவோ, இலைக்கறை படிந்த கையால் என் கையைப் பிடித்து, “இது எதுக்கு?” என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டாள்.

அதற்குள் கீர்த்தி பாறை மேலிருந்து, “அம்மிச்சி, அவசரம்!” என்று கத்தினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “இரு இரு, அங்க வேண்டாம்!” என்று கத்திக்கொண்டு ஓடினோம்.

விற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரிடம் பேசுகிறேன் என்றாள்.

அதே நாள், சாயங்காலம்

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் வீட்டுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், தப்புத்தான் என்றேன். உள்ளே பாத்ரூம் இல்லாமல் போகிறது, வெளியே புதிதாகக் கட்ட வேண்டும், என் வராந்தா ரூமுக்கு வைத்த பணத்தை அதற்குப் போடுங்கள் என்றும் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

“பாத்ரூம் எங்க இருந்தா என்னுங்க அத்தை, தண்ணி வந்தாச் சரி. நானுந்தானே அன்னைக்கு நல்ல ஐடியான்னேன்.” பிறகு அனுவைப் பார்த்து, “பூட்டு ரெண்டா வாங்கு, ஆளுக்கொண்ணு” என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

7.4.2000

போன் வரவில்லை.

9.4.2000, ஞாயிறு

நஞ்சப்பன் நேரிலேயே வந்தார்! ரோட்டிலிருந்து இருபத்தெட்டுப் படியும் ஏறி, மூச்சு வாங்க, “எப்ப எழுதிக்கலாம்?” என்றார். நான் காபிக்குப் பதில் வெந்நீரில் சர்க்கரையைப் போட்டு ஆற்றிக்கொண்டிருந்தேன். அனு பிடுங்கிக்கொண்டாள்.

15.5.2000, திங்கள்

கிரயம் முடிந்தது. சார்பதிவாளர் ஆபீஸில் பாப்பம்மாளும் நானும் ஒரே பெஞ்சில். அவள் கையெழுத்துப் போடப் போனபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல உதவவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

8.6.2000, வியாழன்

பால் காய்ச்சிவிட்டோம்! விடிய ஐந்தரைக்கு. அனு குடத்தோடு முதல் அடி வைத்தாள், பின்னால் மாப்பிள்ளை சாமி படத்தோடு, பிரீத்தி உப்பும் பருப்பும், கீர்த்தி அவனுடைய பஸ் பொம்மை. எங்கள் ஊர்க்காரர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து வேனில் வந்து குளிரில் நடுங்கி, பந்தியில் காபி மூன்று தரம் கேட்டார்கள்.

பால் பாப்பம்மாள் வீட்டு மாட்டுப் பால். அவளே கொண்டுவந்தாள். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. “நல்லாப் பொங்குது” என்றாள். கேட்காமலே நேராக அந்தக் குட்டைக் கதவுக்குப் போய், குனிந்து உள்ளே பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து வந்து, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரவா கேசரி இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜன்னல் மொத்தம் ஏழு. பிரீத்தி எண்ணிவிட்டாள். ஆளுக்கு மூன்றாம், மீதி ஒன்று எனக்காம்.

9.7.2000, ஞாயிறு

நாலு நாளாக மழை. பின்னால் கட்டின பாத்ரூமுக்குச் சுவர் எழும்பிவிட்டது, மேலே தகரம்தான், கதவுக்கு இன்னும் சாக்கு. காலையில் கீர்த்தியை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சேற்றில் போனேன். காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிட்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

கீழே தேயிலைக்குள் பாப்பம்மாள், தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா! ரொம்பக் குளுருதா?”

“குளுரவே இல்லீங்க!” என்று கத்தினேன். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.